கட்டில் ஆபீஸின் குரல்

எனக்குக் கோபம் வரும். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு அடுத்தவர் வாயால் தெரிந்துகொள்ள வேண்டாம். ரெக்சின் தைக்கிற தொழிலுக்குப் பொறுமை வேண்டும் என்பார்கள். மிஷினிடம் எனக்குப் பொறுமை உண்டு, மனிதர்களிடம்தான் கிடையாது. மிஷின் குறுக்கே பேசாது.

நான் தைப்பது சக்கர நாற்காலிகளுக்கு இருக்கை, நோயாளிக் கட்டில்களுக்கு மெத்தை உறை. எல்லாம் கட்டில் ஆபீஸுக்கு. அதற்குப் பெரிய பெயர் ஒன்று பலகையில் இருக்கிறது, இரண்டு வரி நீளம், யாரும் முழுசாகப் படித்ததில்லை. வீட்டில் யாராவது படுக்கையில் விழுந்துவிட்டால் அங்கே ஒரு போன் போட்டால் போதும். கட்டிலோ, சக்கர நாற்காலியோ, பிடித்துக்கொண்டு நடக்கிற சட்டமோ, வீட்டு வாசலுக்கே வந்துவிடும். வாடகை கிடையாது, முன்பணம் கிடையாது. தேவை தீர்ந்ததும் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும், அவ்வளவுதான். அந்தக் கட்டில் ஏறி இறங்காத மாடிப்படி இந்த ஊரில் குறைவு.

அந்த ஆபீஸில் இருபத்திரண்டு வருஷம் போன் எடுத்தவள் என் அக்கா. முகம் யாருக்கும் தெரியாது, குரல் எல்லோருக்கும் தெரியும். காய்கறிக் கடையில் "அரைக் கிலோ போடுங்க" என்று அவள் சொன்னால், பின்னால் நிற்கிறவர் எட்டிப் பார்த்து, "கட்டில் ஆபீஸ் அம்மாங்களா?" என்பார். அவசரமே இல்லாத குரல். எங்கள் வீட்டுக்கு வந்த பொறுமை முழுவதையும் மூத்தவள் என்று அவளே எடுத்துக்கொண்டாள், எனக்கு மிச்சம் வைக்கவில்லை.

அவள் போய் மூன்று வருஷம் ஆகிறது. அதற்கு முன்னால் ஐந்து வருஷம் நாங்கள் பேசிக்கொள்ளவில்லை.

காரணம் ஒரு கட்டில். எங்கள் அம்மா கடைசி இரண்டு வருஷம் கட்டில் ஆபீஸ் கட்டிலில்தான் கிடந்தாள், என் கடைக்குப் பின்னால் இருக்கிற அறையில். அம்மா இறந்த அன்று, அவளைக் கொண்டுபோன வண்டி தெருமுனை திரும்பி ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை, கட்டிலை எடுக்க வேறொரு வண்டி வந்து நின்றது. அக்காதான் வரச்சொல்லியிருந்தாள். தலையணையில் அம்மாவின் முடி இரண்டு ஒட்டிக்கொண்டிருந்தது. நான் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொன்னியா நீ?" என்று கேட்டேன்.

"சொன்னேனேடி. நீயும் சரின்னு சொன்னியே."

"எப்ப சொன்ன? அம்மா போன அன்னைக்குக்கூட உன் வாயில பொய்யா வருது?"

அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். கட்டில் போயிற்று, அவளும் போனாள். அத்தனை வருஷம் ஊருக்கே உண்மை பேசினவளைப் பொய்க்காரி என்று சொல்லிவிட்டேன். அவளே வந்து பேசட்டும் என்று நான் இருந்தேன். நான் கூப்பிடட்டும் என்று அவள் இருந்திருப்பாள். ஐந்து வருஷம் கழித்து ஒரு மதியம், ஆபீஸில் ரிசீவரைக் கையில் வைத்தபடியே மேஜையில் சாய்ந்திருக்கிறாள். அசதியில் தூங்குகிறாள் என்று நினைத்திருக்கிறார்கள்.

அவள் பதிவு செய்து வைத்த வணக்கம்தான் அதுவரை ஆபீஸ் போனில் ஒலித்துக்கொண்டிருந்தது. இறந்தவர் குரல் வேண்டாம் என்று செயலாளர் அதை எடுத்துவிட்டார். பழையது எங்கேயாவது இருக்கிறதா என்று போய்க் கேட்டேன். "அந்த போன் பொட்டியையே மாத்திட்டோம்மா" என்றார். அக்காவின் கண்ணாடி என்னிடம் இருக்கிறது, செருப்பு இருக்கிறது, போட்டோக்கள் இருக்கின்றன. குரலை எங்கே போய்த் தேடுவேன்? சண்டை போடவாவது அவள் வேண்டும் என்று இருந்தது. ஏங்கினேன், வேறு வார்த்தை இல்லை அதற்கு.

போன மாதம் ஒரு திங்கட்கிழமை, பக்கத்துக் கடை இஸ்திரிக்காரி ஒரு நோட்டீஸோடு வந்தாள். அவள் புருஷன் ஏணியிலிருந்து விழுந்து இடுப்பு உடைந்து இரண்டு மாதமாகப் படுத்திருக்கிறார்.

"அக்கா, கட்டில் ஆபீஸ் நம்பர் மாறிடுச்சாமே. ஆஸ்பத்திரி வாசல்ல ஒருத்தர் இத குடுத்தாரு. நீங்கதானே அவங்களுக்குத் தைக்கிறீங்க, சரிதானான்னு பாத்துச் சொல்லுங்க."

நோட்டீஸில் ஆபீஸ் சின்னம் அப்படியே இருந்தது. இரண்டு வரிப் பெயரும் எழுத்துப் பிசகாமல் இருந்தது. நம்பர்தான் நான் அறியாத நம்பர். போட்டுப் பார்த்தேன்.

"வணக்கம். நீங்க சரியான இடத்துக்குத்தான் கூப்பிட்டிருக்கீங்க. கவலைப்படாதீங்க. கொஞ்சம் லைன்லயே இருங்க, இதோ வந்துடுறேன்."

கையிலிருந்த கத்தரிக்கோல் கீழே விழுந்தது. என் அக்கா.

அந்தப் பக்கம் யாரும் எடுக்கவில்லை. அவர்களுக்கு அன்று வியாபாரம் மும்முரம் போலிருக்கிறது. வணக்கம் முடிந்து இரண்டு மூன்று விநாடி சும்மா இருந்தது. பிறகு மறுபடியும் அக்கா. இது ஆபீஸ் குரல் இல்லை, வீட்டுக் குரல்.

"அவ்வளவுதான். இப்ப ஓட்டுடி கோவக்காரி." ஒரு சின்னச் சிரிப்பு. "ஏய், அம்மா கட்டிலப் பத்தி உங்கிட்ட ஒண்ணு சொல்லணும்..."

டக்கென்று வெட்டியது. "வணக்கம்மா, சொல்லுங்கம்மா" என்று ஒருவன் வந்தான். தேன் ஒழுகுகிற பேச்சு. நாற்காலி தயாராக இருக்கிறதாம், இலவசம்தானாம், வண்டிச் செலவும் திருப்பித் தருகிற முன்பணமும் மட்டும் இன்றைக்கே அனுப்பிவிட வேண்டுமாம். நான் வைத்துவிட்டேன்.

"என்னக்கா, சரியான நம்பர்தானா?" என்றாள் இஸ்திரிக்காரி.

ஏமாற்று வேலை, காசு அனுப்பாதே. இதைச் சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? முன்பணம் என்ற வார்த்தை அவன் வாயில் வந்தபோதே எனக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் சொன்னால் என்ன ஆகும்? அவள் தெரு முழுக்கச் சொல்லுவாள், சாயங்காலத்துக்குள் போலீஸ் வரும், நம்பர் மூடிப்போகும். அம்மா கட்டிலைப் பற்றி அக்கா சொல்ல வந்த மிச்சமும் அதோடு போய்விடும்.

"இரு, விசாரிச்சுச் சொல்றேன்" என்றேன்.

அந்தப் பதிவு நடந்த நாள் எனக்கு நினைவிருக்கிறது. அம்மா போவதற்கு ஒரு மாதம் முன்னால். ஆபீஸ் மெயின் ரோட்டில் இருக்கிறது, கட்டில் ஏற்றுகிற இறக்குகிற சத்தம் ஓயாது. என் கடை சந்துக்குள் இருக்கிறது, சுவர் நெடுக ஸ்பாஞ்சும் ரெக்சின் சுருளும் அடுக்கியிருப்பதால் சத்தம் எதிரொலிக்காது. அதனால் அக்கா போன்காரரை இங்கே கூட்டிவந்தாள். ஆபீஸுக்குப் போன் பெட்டி மாட்டினவர். சட்டைக் கழுத்துப் பொத்தான் வரை போட்டிருப்பார், வார்த்தைக்கு வார்த்தை மேடம் போடுவார். எனக்கோ சாயங்காலத்துக்குள் ஒரு நாற்காலி இருக்கை முடித்தாக வேண்டும். மிஷினை நிறுத்து என்றார்கள். நிறுத்திவிட்டு, பெடல் மேல் காலை வைத்தபடி முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். முடிந்தது என்றதும் மிதித்தேன். அவ்வளவுதான் நினைவிருக்கிறது. "கடைசியில மிஷின் சத்தம் விழுந்துடுச்சு மேடம், அத வெட்டிட்டுக் குடுத்துடுறேன்" என்று அவர் சொன்னதும் நினைவிருக்கிறது. ஆபீஸுக்குப் போனது வெட்டிய பதிவு. வெட்டாத பதிவு ஒரே ஆளிடம்தான் இருக்க முடியும். அதைக் கடைசி வரை போட்டுப் பார்க்காமல் அப்படியே இந்த நம்பரில் மாட்டிவிட்டிருக்கிறார், அந்தப் பொத்தான்காரர்.

யார் என்றும் தெரிந்துவிட்டது, அப்புறமும் நான் வாயைத் திறக்கவில்லை. அந்த நம்பருக்குப் போன் போட்டேன். மறுபடி போட்டேன். ஒவ்வொரு தடவையும் "இதோ வந்துடுறேன்" முடிவதற்குள் அந்தத் தேன்வாயன் எடுத்துவிடுவான். நல்ல ஆபீஸ்களில்கூட இவ்வளவு சீக்கிரம் எடுக்க மாட்டார்கள். எட்டாவது தடவை அவனுக்கே சந்தேகம் வந்துவிட்டது.

"காலையிலேர்ந்து நீங்கதானேம்மா பேசுறீங்க? என்னதான் வேணும் உங்களுக்கு?"

"ஒண்ணும் வேணாம் தம்பி. நீ போனை எடுக்காம இரு, அது போதும். ஒரே ஒரு நிமிஷம் அப்படியே விடு. உனக்குப் புண்ணியமாப் போகும்."

அவன் தொழிலில் இப்படி ஒருத்தியைப் பார்த்திருக்க மாட்டான். வைத்துவிட்டான். அதற்குப் பிறகு என் நம்பரிலிருந்து கூப்பிட்டால் மணியே அடிக்கவில்லை. விட்டேனா? பால் கடைக்காரர் போனை வாங்கினேன், எதிர் மாடி டீச்சர் போனை வாங்கினேன், பாங்க் வாசல் காவலாளியிடம் இல்லாத சாக்கெல்லாம் சொல்லி வாங்கினேன். செவ்வாய் போயிற்று, புதன் போயிற்று. வணக்கம் கேட்டேன், கவலைப்படாதீங்க கேட்டேன். அதற்கே கண் கலங்கியது. ஆனால் கோவக்காரி வரை ஒரு தடவைகூடப் போகவில்லை. திருடனிடம் கெஞ்சிக்கொண்டிருக்கிறோமே என்று வெட்கமாகத்தான் இருந்தது. அந்த வெட்கத்தோடேயே அடுத்த போனைத் தேடிப் போனேன்.

உண்மையைச் சொன்னால் பயமும் இருந்தது. சொன்னேனேடி என்றாளே, அது உண்மையாக இருந்துவிட்டால்? பொய்யாக இருந்தாலும் என்னால் தாங்க முடியாது, உண்மையாக இருந்தாலும் தாங்க முடியாது. ஆனால் தெரியாமல் இருக்கவே முடியாது.

வியாழக்கிழமை காலை கடை திறக்கும்போது பார்க்கிறேன், இஸ்திரிக்காரியின் புருஷன் வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். இரண்டு பக்கமும் தலையணை வைத்து முட்டுக் கொடுத்திருக்கிறாள். தலை படிய வாரியிருந்தது. சட்டையில் மடிப்பு கத்தி மாதிரி நின்றது.

"என்ன, எங்க கிளம்பியாச்சு?" என்றேன்.

"இங்கதாங்க, தெருமுனை வரைக்கும்" என்றார் அவர். சிரித்தார். "வீல்சேர் வருதே."

இஸ்திரிக்காரி உள்ளிருந்து வந்தாள். "நேத்து காசு அனுப்பிட்டேன்க்கா. பத்து மணிக்கு வண்டி வந்துடுமாம்."

"நான்தான் விசாரிச்சுச் சொல்றேன்னேனே."

"உங்களுக்கு வேலை மும்முரம், மறந்துட்டீங்கன்னு நெனச்சேன். எனக்கும் மொதல்ல சந்தேகமாத்தான் இருந்துச்சு. ஆனா எடுத்ததும் உங்க அக்கா குரல் கேட்டுச்சு. பழைய பதிவா இருக்கும், தெரியும். ஆனா அந்தக் குரல் இருக்கிற இடத்துல தப்பு நடக்குமா சொல்லுங்க?"

நான் கடைக்குள் போய் உட்கார்ந்தேன். ஒரு தையல் போட முடியவில்லை. சந்தில் எந்த வண்டி சத்தம் கேட்டாலும் அவர் கழுத்தைத் திருப்பிப் பார்த்தார். பத்து ஆயிற்று. பதினொன்று ஆயிற்று. வெயில் அவர் முழங்காலுக்கு வந்தது, நாற்காலியை நகர்த்தி வைத்தாள். பன்னிரண்டரைக்கு நானே எழுந்து போனேன்.

"வண்டி வராதும்மா. அது கட்டில் ஆபீஸ் இல்ல. ஏமாத்துக்காரங்க."

அவளுக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று. "உங்களுக்கு எப்பக்கா தெரியும்?"

பொய் சொல்லியிருக்கலாம். இப்போதுதான் விசாரித்தேன் என்று சொல்லியிருக்கலாம். "திங்கக்கிழமையே தெரியும்" என்றேன்.

ஏன் சொல்லவில்லை என்று அவள் கேட்கவில்லை. ஆபரேஷனுக்கென்று வைத்திருந்த காசு அது, பிறகுதான் தெரிந்தது. இஸ்திரிப் பெட்டியை எடுத்து ஓரமாக வைத்தாள், புருஷனைத் தோளில் தாங்கி உள்ளே கூட்டிப்போனாள். என்னைத் திட்டியிருந்தால் நானும் நாலு வார்த்தை திருப்பிப் பேசி ஆறியிருப்பேன். திட்டவே இல்லை.

அதே செருப்போடு கட்டில் ஆபீஸுக்குப் போனேன். செயலாளர் நோட்டீஸைப் பார்த்துத் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"போலீஸ்னு போனா பேப்பர்ல வந்துடும்மா. அப்புறம் நம்மள எவன் நம்புவான்? நாற்பது வருஷத்துப் பேரு."

"நம்பினதாலதான் சார் அவ ஏமாந்தா. உங்க நல்ல பேருதான் அவன் கடைக்கு முதல். இன்னும் ரெண்டு நாள் பொத்தி வெச்சீங்கன்னா நீங்களும் அவனுக்குக் கூட்டு. நான் மூணு நாள் பொத்தி வெச்சவ, அனுபவத்துல சொல்றேன்."

வந்தார். ஸ்டேஷனுக்குக் கிளம்புவதற்கு முன், ஒரு சக்கர நாற்காலியை என் தெருவுக்கு அனுப்பவும் சொன்னார். அதன் இருக்கை நான் தைத்ததுதான்.

ஸ்டேஷனில் அதிகாரி எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு நிமிர்ந்தார். "இத்தனை வருஷம் கழிச்சு ஆள் இவர்தான்னு எப்படிம்மா அடிச்சுச் சொல்றீங்க?"

"என்னைக் கோவக்காரின்னு கூப்பிடுறவ என் அக்கா ஒருத்திதான் சார். அந்த வார்த்தை இருக்கிற பதிவு ஆபீஸுக்கு வரவே இல்ல. அது அந்தாளுகிட்ட மட்டும்தான் இருக்கும்."

நம்பரை உடனே நிறுத்தச் சொல்லிவிட்டதாகச் சொன்னார். நல்லது சார் என்றேன். வரும் வழியில் பால் கடையில் போன் வாங்கிப் போட்டுப் பார்த்தேன். இந்த எண் உபயோகத்தில் இல்லை என்று யாரோ ஒரு பெண் சொன்னாள். இரண்டாவது தடவையும் அவளே சொன்னாள். பால் கடைக்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான் அங்கேயே காலி பால் கிரேட் மேல் உட்கார்ந்து அழுதேன். அக்கா செத்த அன்றுகூட அப்படி அழவில்லை.

இஸ்திரிக்காரி நாற்காலியை வாங்கிக்கொண்டாள். நான் கொடுத்த காசை வாங்கிக்கொள்ளவில்லை.

பத்து நாள் கழித்து ஸ்டேஷனிலிருந்து கூப்பிட்டார்கள். போன்காரரும் அவருடைய கூட்டாளிகள் இரண்டு பேரும் அகப்பட்டிருந்தார்கள். அவர் கம்ப்யூட்டரில் அந்தப் பதிவு முழுசாக இருந்தது. குரலை அடையாளம் சொல்ல நான் வேண்டும். அதிகாரி மேஜையில் சின்ன ஸ்பீக்கர் ஒன்றை என் பக்கம் தள்ளிவைத்தார். கைகளை மடியில் கோத்து வைத்துக்கொண்டேன்.

வணக்கம் வந்தது. கவலைப்படாதீங்க வந்தது. இதோ வந்துடுறேன் வந்தது. பிறகு அந்த மௌனம்.

"அவ்வளவுதான். இப்ப ஓட்டுடி கோவக்காரி." சிரிப்பு. "ஏய், அம்மா கட்டிலப் பத்தி உங்கிட்ட ஒண்ணு சொல்லணும். நேத்து ராத்திரி..."

டர்ர்ர்ரென்று என் மிஷின். அக்காவின் குரல் அதற்கு அடியில் போய்விட்டது. பேசிக்கொண்டிருக்கிறாள், பேசுகிறாள் என்பது தெரிகிறது, ஒரு சொல் பிடிபடவில்லை.

"இதுக்கு மேல வெறும் சத்தம்தான்" என்று அதிகாரி நிறுத்தப் போனார்.

"நிறுத்தாதீங்க சார்."

சதுர இருக்கை தைக்கிறவர்களுக்குத் தெரியும். ஒரு பக்கம் முழுக்க ஓட்டி மூலைக்கு வந்ததும் நிறுத்த வேண்டும். ஊசியைத் துணியில் இறக்கி வைத்து, துணியை அழுத்துகிற மிஷின் பாதத்தைத் தூக்கி, துணியைத் திருப்பி, பாதத்தை இறக்கி மறுபடி ஓட்ட வேண்டும். அந்தச் சில நொடி மிஷின் வாயை மூடும். நாலு பக்கம் இருக்கிறது, நாலு மூலை இருக்கிறது. நான் ஸ்பீக்கரில் காதை வைத்துக்கொண்டேன்.

முதல் மூலை. "...அம்மாவே சொன்னாங்கடி, நான் போன..."

மிஷின்.

"...அன்னைக்கே குடுத்துடணுமாம், ஒரு நாள்கூட வெச்சிருக்க..."

மிஷின்.

"...இன்னொருத்தர் தரையில படுத்துட்டுக் காத்திருப்பாங்க, அதனால..."

மிஷின். நீளமான பக்கம் அது. பிறகு நின்றது.

"...நீதான் ரொம்ப அழுவியாம், உங்கிட்ட முன்னாடியே சொல்லி வெக்கச் சொன்னாங்க. சரியா? கேட்டுச்சாடி?"

"ம்ம், சரி சரி. கேட்டுச்சு."

பல்லில் நூலைக் கடித்துக்கொண்டு எரிச்சலோடு ஒருத்தி சொல்கிறாள். மறுபடியும் மிஷினை மிதிக்கிறாள்.

அதிகாரி பதிவை நிறுத்திவிட்டுப் பேனாவை எடுத்தார். "முதல்ல பேசுறது உங்க அக்கா?"

"ஆமா சார்."

"கடைசியில கேட்டுச்சுன்னு சொல்றது யாரும்மா?"

"நான்தான் சார்" என்றேன். "ஆனா எனக்குக் கேக்கல."